பத்தாவது பாட்டு

கதவு மூடிய சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. அதுதான் அந்த அறையின் பெருமை. வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது என்று ஸ்டூடியோ இன்ஜினியர் சற்று முன்புதான் மார்தட்டியிருந்தார். நான் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். தோள்தான் அசைந்தது.

"மேடம், கதவு திறக்கல."

"தள்ளிப் பாரு."

"தள்ளியாச்சு, இடிச்சாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு. வெளிய யாரோ கம்பியைச் செருகியிருக்காங்க."

மேடம் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்ஜினியரின் ஒலிப்பதிவு மேசை இருக்கும் அறை. நாங்கள் நுழைந்தபோது அங்கே விளக்கு எரிந்தது. இப்போது கும்மிருட்டு. ஏ.சி.யும் நின்றிருந்தது.

பாட்டுப் பாடுவதற்கென்று கட்டிய அந்த அறை, ஸ்டூடியோ பாஷையில் பூத், ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். நாலு சுவரிலும் கறுப்புப் பஞ்சு. நடுவில் ஒரு மைக். பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் இரண்டு ஹெட்போன்கள், நாலு குமிழ் வைத்த ஒரு சின்னப் பெட்டி. மூடிய இடம் என்றாலே எனக்கு ஆகாது. லிஃப்டில் ஏறுவதைவிட மாடிப்படியில் மூச்சுவாங்குவது மேல் என்று நினைக்கிற ஜாதி நான். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு ஜோக் வரும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

"போன் பண்ணலாமா மேடம்?"

"பண்ணு."

பண்ண முடியாது என்பது அவருக்கும் தெரியும். உள்ளே போகிறவர்கள் செல்போனை வாசலில் உள்ள தட்டில் வைத்துவிட வேண்டும், செருப்பைக் கழற்றி அலமாரியில் விட வேண்டும் என்பது அந்த ஸ்டூடியோவின் சட்டம். போன் இரைச்சல் கொடுக்கும், செருப்பு கிறீச்சிடும், இரண்டும் மைக்கில் விழும். அந்தச் செருப்புச் சட்டம்தான் எங்களை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது.

காலையில் எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு ஒரு பெண் வந்தார். கையில் ஒரு பை. பையிலிருந்து ஒரு ஜோடி ஆண்கள் செருப்பை எடுத்து மேடத்தின் மேசை மேலேயே வைத்தார். நான் முகம் சுளித்தேன். மேடம் சுளிக்கவில்லை.

"எங்கண்ணனோடது. நேத்து ரெக்கார்டிங்ல பாதிப் பாட்டுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. கோவம் வந்தா கதவை அறைவார், கத்துவார், போவார். வெறுங்காலோடயா போவார்?"

அந்தப் பெண் ஒரு ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர். அண்ணன்தான் அந்தக் குழுவின் பாடகர். குரலைக் கேட்டுத்தான் வைத்தார்களோ என்னவோ, எல்லோருக்கும் அவர் 'இடி'. கிட்டார் வாசிப்பவர் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், அதனால் குழுவில் அவருக்குப் பெயரே 'மாப்பிள்ளை'. மற்றவர்களின் பழைய பாட்டுகளை முறையாக அனுமதி வாங்கி, தங்கள் பாணியில் பாடி ஓர் ஆல்பம் போடுகிறார்கள். ஒன்பது பாட்டு அப்படி. பத்தாவது மட்டும் சொந்தச் சரக்கு, மாப்பிள்ளை போட்டது.

"எனக்காகவே போட்டாராம்," என்றபோது அந்தக் கவலையிலும் அவர் முகம் லேசாகச் சிவந்தது. "முதல் தடவை வாசிச்சுக் காட்டினப்பவே ரொம்ப வருஷம் பழகின மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் இவர்தான்னு முடிவு பண்ணினேன். ஒரு சினிமா கம்பெனிக்கும் அந்தப் பாட்டு பிடிச்சுப் போச்சு. இன்னிக்குச் சாயங்காலம் ஸ்டூடியோவுக்கே வந்து கையெழுத்துப் போடறாங்க. அண்ணன் இல்லாம எனக்கு எதுவும் வேண்டாம் மேடம்."

நாங்கள் அவருடனேயே ஸ்டூடியோவுக்கு வந்தோம். மாப்பிள்ளை எங்களைப் பார்த்ததும் கண் கலங்கினார். "மச்சான் இப்படிப் பண்ணுவார்னு நினைக்கவே இல்ல," என்று மூக்கை உறிஞ்சினார். நல்ல மனிதர் என்று நான் மனசுக்குள் சான்றிதழ் எழுதினேன். இன்ஜினியரோ எதைக் கேட்டாலும் சிடுசிடு. மேடம் அவரை நேற்றைய பாட்டைப் போடச் சொன்னார். இடியின் குரல் கணீரென்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் பிரேக் அடித்தது போல் நின்றது. பிறகு வெறும் கிட்டார்.

"மத்த ஒன்பது பாட்டையும் போடுங்க," என்றார் மேடம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டார். "அதுல எல்லாம் குரல் பெரிய மண்டபத்துல பாடின மாதிரி இருக்கு. இதுல மட்டும் வறண்டு கிடக்கே?"

"அது எக்கோ ரூம் வேலை," என்றார் இன்ஜினியர். "படிக்கட்டுக்குக் கீழ ஒரு வெறும் அறை. இவங்க குகைன்னு சொல்லுவாங்க. உள்ள ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பூத்ல பாடினா அங்க ஸ்பீக்கர்ல கேக்கும். அது சுவத்துல எல்லாம் மோதி வர்றதை அங்க இருக்கிற மைக் எடுத்துத் திருப்பி அனுப்பும். எக்கோவைப் பாட்டு முடிஞ்ச அப்புறம்தான் சேர்ப்போம். நேத்துலேர்ந்து அதை நிறுத்தியாச்சு."

"ஏன்?"

"உள்ள தண்ணி கசியுது. தொட்டா ஷாக் அடிக்கும். அதான் வெளிய சிவப்பு விளக்கைப் போட்டு வெச்சிருக்கு. சிவப்பு எரிஞ்சா இங்க யாரும் எந்தக் கதவையும் தொட மாட்டாங்க. யாராவது தொட்டா அன்னிக்கே அவங்களுக்கு இங்க வேலை இல்ல."

அதன்பின் மேடம் இடி பாடிய பூத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இன்ஜினியர் கதவைத் திறந்துவிட்டுப் போனார். கதை இங்கே வந்து நிற்கிறது. நாங்கள் உள்ளே நிற்கிறோம்.

"இன்ஜினியர்தான் மேடம்," என்றேன். "அந்த முகத்தைப் பாத்தப்பவே சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"மனசுக்குள்ள சொன்னேன். கடைசியா கதவுகிட்ட நின்னது அவர்தான்."

"நமக்குத் தெரிஞ்சு கடைசியா. வெளிய இப்ப சிவப்பு விளக்கு எரியும். இன்ஜினியரே திரும்பி வந்தாலும் திறக்க மாட்டார். பூட்டு வாங்கற வேலையே இல்ல பாரு, ஒரு பல்பு போதும்." அவர் குரலில் ஒரு ரசனை இருந்தது. எனக்கு அதை ரசிக்கும் நிலைமை இல்லை. சட்டைக் காலர் கழுத்தை நெரித்தது. பஞ்சுச் சுவர்கள் நான் பார்க்காதபோது ஓர் அடி முன்னால் வைத்தாற்போல் இருந்தன. நான் கத்தினேன். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டில் கேட்பது போலக் கேட்டது.

"மூச்சை வீணாக்காதே. ஹெட்போனை மாட்டு," என்றார் மேடம்.

மாட்டினோம். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவது பாட்டு, ஒரே கிட்டார் மயம். பெட்டியின் நாலு குமிழ்களுக்கும் மேல் டேப் ஒட்டி, பேனாவில் எழுதியிருந்தார்கள்: குரல், டிரம்ஸ், கிட்டார், குகை. வாசிப்பவர்கள் தங்களுக்கு எது வேண்டுமோ அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. டிரம்ஸ் குமிழைத் திருப்பினேன். டிரம்ஸ் வைத்திருந்த ஹாலில் இடியின் தங்கை பயிற்சி செய்வது மிகத் துல்லியமாகக் கேட்டது. நடுவில் நிறுத்தி, டிரம்மின் தோலை முறுக்கி முறுக்கித் தட்டிப் பார்த்தார். கூடவே ஏதோ முணுமுணுப்பு.

"பாவம், அண்ணனைக் காணோம்னாலும் காதலன் போட்ட பாட்டைத்தான் முணுமுணுக்குது," என்றேன்.

 மேடம் கண்ணை மூடிக்கொண்டு அந்த முணுமுணுப்பை முடியும்வரை கேட்டார்.

"அவங்களைக் கூப்பிடு. மைக்ல பேசு."

நான் மைக்கில் பேசினேன், கெஞ்சினேன், 'ஆபத்து' என்று கூவினேன். டிரம்ஸ் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது.

"அவங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கும், அதுல குரல் குமிழை அணைச்சு வெச்சிருக்காங்க," என்றார் மேடம். "பாதியில நிக்கற அண்ணன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு வாசிக்க யாரால முடியும்?"

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குமிழ். பொழுதுபோகாமல் திருப்பினேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். மாட்டிக்கொண்டோர் சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம் இனிதே ஆரம்பம்," என்றேன். என் குரல் ஒரு பெரிய கோயில் மண்டபத்தில் உருண்டு திரும்பி வந்தது. ஆரம்பம்... பம்... பம்... அது அடங்கியது.

அடங்கிய பிறகு ஹெட்போனில் இன்னொரு குரல் கேட்டது.

"யாரு?"

என் முதுகில் இருந்த வியர்வை அப்படியே உறைந்தது. மேடம் என்னைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இடியா?"

"ஆமா... ஆமா... நீங்க யாரு? நேத்துலேர்ந்து இந்த மைக்கைப் பாத்துக் கத்திட்டிருக்கேன். யார் காதுலயும் விழல." தொண்டை கட்டிப்போன குரல். ஒவ்வொரு சொல்லும் சுவர்களில் மோதித் தள்ளாடி வந்தது.

"உங்க தங்கச்சி அனுப்பின ஆளுங்க. ஷாக், தண்ணிக் கசிவு எல்லாம்?"

"தண்ணியா? குடிக்கவே தண்ணி இல்லைங்க. பாட்டில் காலைலயே தீந்து போச்சு. உள்பக்கம் கைப்பிடி கிடையாது."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் புன்னகைக்கவில்லை. "எக்கோவை எடுத்ததுக்குக் காரணம் இப்ப தெரியுதா? மேசையில அந்த மைக்கைத் திறந்தா இவர் குரல் ஆல்பத்துல வந்துடும். மேசையில அணைச்சவன் பாடறவங்க பெட்டியை மறந்துட்டான். உங்களை உள்ள அடைச்சது யாரு, இடி?"

"மாப்பிள்ளை."

மனசுக்குள் எழுதிய சான்றிதழைக் கிழித்துப் போட்டேன்.

"பாடிட்டே இருந்தேன்," என்றார் இடி. "மூணாவது வரி வந்ததும் பொட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அது அவன் மெட்டே இல்லைங்க. எங்க பாப்பா, என் தங்கச்சியோடது. டிரம்ஸ் தோலை முறுக்கறப்ப எல்லாம் அவ அதைத்தான் முணுமுணுப்பா. சின்ன வயசுலேர்ந்து பக்கத்து ரூம்ல கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம். அவளுக்கே தெரியாது. தூங்கறவங்க குறட்டை அவங்களுக்குத் தெரியுமா? அவன் அதைச் சத்தமில்லாம எடுத்து, மெதுவாக்கி, கிட்டார்ல ஏத்தி, தன் பாட்டுன்னு விக்கறான். அவளுக்கே பரிசாக் குடுத்தான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஒன்பது பாட்டு ஊரார் பாட்டு, அத்தனையும் கேட்டு வாங்கியது. ஒரே ஒரு சொந்தப் பாட்டு, அதுதான் திருட்டு. எனக்கு ஜோக் வரவில்லை.

"பாப்பா எதிர்ல கேக்க வேண்டாம்னு குகைக்குக் கூட்டிட்டு வந்தேன். இங்க என்ன பேசினாலும் வெளிய கேக்காது இல்லையா? கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிடுவேன்னேன். வெளிய ஓடிப் போய்க் கதவைச் சாத்திட்டான். கையெழுத்து ஆனதும் திறந்துடறேன்னு கதவிடுக்குல வாய் வெச்சு அழுதுட்டே சொன்னான். அப்புறம் வரவே இல்ல. எனக்கு மயக்கமா வருதுங்க."

"உக்காருங்க. நான் சொல்லும்போது மட்டும் எழுந்து பாடணும். முடியுமா?"

"யாருக்குப் பாடணும்?"

"உங்க பாப்பாவுக்கு."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேடம் மண்டியிட்டார். பெட்டியின் பின்பக்கம் இரண்டு வயர்கள் இருந்தன. ஒன்று மேசை அறையிலிருந்து வந்தது. இன்னொன்று சுவரின் துளைக்குள் புகுந்து ஹால் பக்கம் போனது.

"இந்த வயரைப் பிடுங்கினா ஹால்ல இருக்கிற பெட்டி செத்துடும்," என்றார்.

"அவங்களுக்கு ஒண்ணுமே கேக்காதே மேடம்! இருக்கிற ஒரு வழியையும் அடைக்கறீங்களே!"

"உன் வீட்டு ரேடியோ திடீர்னு நின்னா நீ என்ன செய்வே?"

"தட்டுவேன். அப்புறம் குமிழைத் திருப்பு..."

மேடம் வயரைப் பிடுங்கினார்.

நான் டிரம்ஸ் குமிழை முழுக்கத் திருப்பிக்கொண்டு காதைக் கொடுத்தேன். ஹாலில் இருந்த மைக்குகள் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தன. அடி தடுமாறியது. நின்றது. "ச்சே" என்று ஒரு சலிப்பு. பெட்டியை உள்ளங்கையால் தட்டும் சத்தம். பிறகு டக், டக் என்று குமிழ்கள் கடைசிவரை திரும்பி முட்டும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. நாலாவதும் முட்டியது.

"இடி, பாடுங்க!" என்று மைக்கில் சொல்லிவிட்டு மேடம் வயரைச் செருகினார்.

இடி பத்தாவது பாட்டைப் பாடவில்லை. அதன் வார்த்தைகள் மாப்பிள்ளை எழுதியவை. வெறும் முணுமுணுப்பாக, அந்த மெட்டை, அது பிறந்த வேகத்திலேயே முணுமுணுத்தார். கட்டிப்போன தொண்டை, காய்ந்த நாக்கு, அந்தக் குகை அத்தனையும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. நடுவில் "பாப்பா, குகையில இருக்கேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

டிரம்ஸ் குச்சிகள் தரையில் விழுந்து உருண்டன. ஓடும் காலடி. ஹால் கதவு. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் எனக்கு நரகம். ஏதோ நடக்கிறது, எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, எங்களால் ஒரு விரலைக்கூட நுழைக்க முடியாது. மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் ஈரமாக இருந்தது.

பிறகு குகையின் மைக்கில், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மங்கலாக இரண்டு குரல்கள்.

"திறக்காத! சிவப்பு எரியுது பாரு, ஷாக் அடிக்கும்!"

"விலகு."

"நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளு. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் நானே சொல்லிடலாம்னுதான்..."

"என்னத்தை?"

 கதவை வெளியே பிடித்திருந்த நெம்புகோல் மேலே ஏறும் சத்தம் வந்தது. சிவப்பு எரியும்போது அந்த ஸ்டூடியோவில் திறக்கப்பட்ட முதல் கதவு அதுதான். "அண்ணா!" என்ற ஒற்றைச் சொல் எட்டுத் திக்கும் மோதி எங்கள் காதில் எத்தனையோ முறை விழுந்தது. நான் அழுதேன் என்று மேடம் பிற்பாடு யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள். அது வியர்வை.

"எல்லாம் சரி மேடம்," என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நம்ம கதவை யாரு திறப்பா?"

இன்ஜினியர்தான் திறந்தார். குகையில் தண்ணீர் கசிகிறது என்று அவரை நம்ப வைத்ததும் மாப்பிள்ளைதானாம். சாப்பிட அனுப்பியிருந்தாராம், போனவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவர்மேல் சந்தேகப்பட்டதற்காக மனசுக்குள்ளேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் அந்தச் சிடுமூஞ்சியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேடம் வாசல் தட்டிலிருந்து போனை எடுத்து, போலீசில் இருக்கும் நண்பர்களை அழைத்தார்.

மேசை அறையில் எல்லோரும் இருந்தார்கள். இடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தங்கை பிடித்த பாட்டிலில் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எதிரே நின்றார். முகம் வெளுத்திருந்தாலும் வாய் ஓயவில்லை.

"பூட்டினது தப்பு, ஒத்துக்கறேன். கோவத்துல பண்ணிட்டேன். ஆனா பாட்டு என்னோடது. தங்கச்சி முணுமுணுத்தாளாம்! இவருக்கு என்மேல பொறாமை. அவளே சொல்லட்டும், இது நீ போட்ட மெட்டா?"

அந்தப் பெண் குழம்பிப்போய் அண்ணனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு... தெரியலையே. நான் எப்ப முணுமுணுத்தேன்?"

மாப்பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.  இடியின் வார்த்தையைத் தவிர எங்களிடம் வேறெதுவும் இல்லையே!

மேடம் இன்ஜினியரிடம் திரும்பினார். "இவங்களோட போன ஆல்பமும் இங்கதானே?"

"இங்கதான். அப்ப மாப்பிள்ளை குழுவுல சேரவே இல்ல. வேற கிட்டார்காரர்."

"பாட்டு வேண்டாம். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இவங்க தோல் முறுக்கற சத்தம் இருக்குமா?"

"அதை வெட்டிட்டுத்தான் பாட்டை வெளிய அனுப்புவோம். ஆனா வெட்டாததை நான் எப்பவும் அழிக்கறதில்ல," என்றார் இன்ஜினியர், முதல் முறையாகச் சிடுசிடுப்பு இல்லாமல். "மைக் எல்லாம் திறந்துதான் இருக்கும்."

அவர் எதையோ தேடினார், அழுத்தினார். பெரிய ஸ்பீக்கர்களில் முதலில் இருமல். நாற்காலி நகரும் சத்தம். தோலைத் தட்டும் சத்தம், முறுக்கு, மறுபடி தட்டு. அப்புறம் ஒரு பெண்ணின் முணுமுணுப்பு. பத்தாவது பாட்டின் மூன்றாவது வரி, இரண்டு மடங்கு வேகத்தில், எந்தக் கவலையும் இல்லாமல் வந்தது.

 மாப்பிள்ளை மெதுவாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அழைப்பு மணி அடித்தது. சினிமா கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

அந்தப் பெண் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகச் சின்னக் குரலில் சொன்னார்:

"பழகின மாதிரி இருந்துச்சுன்னு உங்களைக் கட்டிக்கச் சம்மதிச்சேன். பழகினது நீங்க இல்ல. நானேதான்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் காத்திருக்கவில்லை. ஹாலுக்குள் போனார். கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். குனிந்து குச்சிகளைப் பொறுக்கினார், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார். பெட்டியில் எல்லாக் குமிழும் இன்னும் முழுக்கத் திரும்பியபடியே இருந்தன. ஒன்றை மட்டும் விரலால் பிடித்து, பின்னோக்கி, முட்டும்வரை திருப்பினார்.

எந்தக் குமிழ் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் கிட்டாரை எடுத்துக்கொள்ளாமலேயே எழுந்து போனார், வாசலில் மேடத்தின் நண்பர்களான இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்த பக்கமாக.

"அண்ணா," என்றது ஸ்பீக்கரில் தங்கையின் குரல். "தொண்டை சரியானதும் சொல்லு. நான் காத்திட்டிருக்கேன்."

இடி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பூத்தின் கதவுவரை நடந்தவர், அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் பாடி முடிக்கறவரைக்கும் இந்தக் கதவை யாரும் சாத்தாமப் பாத்துக்கறீங்களா?"

"மைக்ல வெளிச்சத்தம் விழுமே!" என்று இன்ஜினியர் பதறினார்.

"விழட்டும்," என்றேன் நான். அந்தக் கனமான கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டேன்.